இயந்திரத்தில் பறிபோன மூன்று உயிர்கள்

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“மிஸ்யே, இந்த நோட்டை நீங்கள் பார்த்தீர்களா?”

பார்த்தேன் என்றேன். மிஸ்யே என்றால் அந்த ஊரில் ஐயா; நோட்டு என் வகுப்பில் படிக்கும் ஒருத்தியுடையது. பார்த்தது மட்டுமல்ல. சிவப்பு மையால் திருத்தி, பத்துக்கு ஒன்பது போட்டு, ஓரத்தில் ‘மிக நன்று’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். கையெழுத்துக்கு அடியில் இரண்டு புள்ளி வைப்பது அப்போது என் வழக்கம். பெரிய மனிதர்கள் வைப்பதை எங்கோ பார்த்து, புள்ளியிலிருந்தே தொடங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஒரு தீவில், காத்ர் போர்ன் என்ற ஊரில், கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஆபீஸ் அறை. வெளியே மழை. தகரத்தில் விழும் சத்தத்தை மீறித் தலைவர் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். கோயில் சபையின் தலைவர் முனிசாமி, பஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழைக் கோயில் பாட்டுகளிலிருந்து கற்றவர். அதனால் எதைப் படித்தாலும் கொஞ்சம் ராகம் வரும். ‘உயிர்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பிரெஞ்சுக்காரர் மாதிரி தொண்டைக்குள் உருட்டுவார்.

அவர் படித்தது இது:

“நேற்று மாலை இயந்திரத்தில் மூன்று உயிர்கள் பறிபோயின. முதல் உயிர் என் கவனக்குறைவால் போயிற்று. இரண்டாவது, என் அவசரத்தால். மூன்றாவது உயிரை நெடுநேரம் காப்பாற்றிப் பார்த்தேன், இயலவில்லை. பிறகு வீட்டுக்குச் சென்று வயிறாரச் சாப்பிட்டேன். நாளை மறுபடியும் முயல்வேன்.”

நோட்டை மேஜைமேல் வைத்தார், வெடிக்கும் பொருளை வைப்பது போல.

“வயிறாரச் சாப்பிட்டாளாம்,” என்றார். “நாளைக்கு மறுபடி முயல்வாளாம். மிஸ்யே, யார் அந்த மூன்று பேர்?”

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். “அது வீடியோ கேம்” என்று. நான் சொன்னது: “விசாரிக்கிறேன்.”

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை

சென்ற வாரம் விமான நிலையத்தில் பெட்டி மாறிப்போய், யாரோ ஒரு பிரெஞ்சு மாமியின் நீச்சல் உடையோடு கோயிலுக்கு வந்து இறங்கிய கதையைப் படித்தவர்களுக்கு என் தைரியத்தின் அளவு தெரிந்திருக்கும். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கோயில் சபை நடத்திய பெரியவர்களுக்கான தமிழ் வகுப்புக்கு ஆசிரியராக மதுரையிலிருந்து வரவழைக்கப்பட்டவன். வீட்டில் பிரெஞ்சு திரிந்து பிறந்த கிரியோல், வேலையில் பிரெஞ்சும் ஆங்கிலமும், சாமியிடம் மட்டும் தமிழ் என்று வாழ்ந்தவர்களுக்கு, சாமி இல்லாத நேரத்திலும் தமிழ் பேசக் கற்றுத் தருவது என் வேலை.

கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஆ-சோங் என்கிற சீனர் கடை. அரிசி, மண்ணெண்ணெய், காய்ந்த உப்பு மீன், ரொட்டிக்குள் வைத்துத் தரும் காத்தோ பிமா. காத்தோ பிமா என்பது நம் பருப்பு வடையின் தம்பி. அண்ணனைவிடக் குட்டை, அண்ணனைவிடக் காரம். அந்தக் கடையின் மூலையில், மிட்டாய்ப் பெட்டிகளுக்கும் லெமனேட் பெட்டிகளுக்கும் நடுவே, பீரோ உயரத்தில் நின்றது அந்த மெஷின்.

கருப்புத் திரை. கீழே ஒரு சின்ன விமானம். மேலிருந்து வரிசை வரிசையாகப் பூச்சிகள் இறங்கும். ஆடி ஆடி, அவசரமில்லாமல், கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க வருகிற மாதிரி இறங்கும். நாம் சுட வேண்டும். அவை குண்டு போடும். விமானம் மூன்று முறை வெடிக்கலாம். அதற்கு மேல் இன்னொரு காசு. பிடிக்கிற குச்சியின் சிவப்புக் குமிழ் தேய்ந்து வெளுத்திருக்கும். சுடுகிற பொத்தான், ஆடும் பல் மாதிரி ஆடும்.

முதல் முறை நான் அங்கே போனது பேனா வாங்க. இரண்டாம் முறையும் பேனா வாங்க. ஒரு மாதத்தில் என்னிடம் பதினேழு பேனா இருந்தது.

இதில் என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் முன்னால்தான், கோயில் மண்டபத்தில், ஒலிபெருக்கி வைத்து, ‘காலம் பொன்’ என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். “கண்ணாடிப் பெட்டிக்குள் பூச்சி சுடுகிறவர்கள்” என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குக் கைதட்டல் விழுந்தது. பேச்சை முடித்து, மாலையைக் கழற்றிவிட்டு, நேராக ஆ-சோங் கடைக்குப் போனேன். கழுத்தில் இரண்டு சாமந்தி இதழ் ஒட்டியிருந்ததை ஆ-சோங்தான் எடுத்துவிட்டார்.

ஆக, “அது வீடியோ கேம்” என்று நான் தலைவரிடம் சொன்னால், அடுத்த கேள்வி, “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு மிக நன்றாகத் தெரியும். அந்த மூன்று உயிரும் போனபோது அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் நான்தான்.

லெமனேட் பெட்டிமேல் சுந்தரி

அவள் பெயர் சுந்தரி. அடையாள அட்டையில் யாரோ ஒரு பழைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி வைத்ததில் ‘சூந்த்ரீ’. முப்பது வயது இருக்கும். பக்கத்து ஊரான பீனிக்ஸில் ஒரு ஸ்வெட்டர் தொழிற்சாலையில் வேலை. அந்தப் பக்கம் காற்றடித்தால் பீர் ஆலையின் புளித்த வாசனை வரும். தொழிற்சாலை வேனிலிருந்து இறங்கும் பெண்கள் எல்லாரிடமும் அந்த வாசனையும் கம்பளி நூல் துகளும் சேர்ந்தே இறங்கும்.

ஸ்வெட்டருக்குக் கழுத்துப் பட்டையைக் கண்ணி கண்ணியாக ஊசியில் கோத்து இணைப்பது அவள் வேலை. ஒரு கண்ணி தவறினாலும் பாரிஸில் யாரோ ஒருவரின் கழுத்து பிரிந்துவிடும். நாள் முழுக்க அந்தக் கண்ணிகளைப் பார்த்த கண்ணுக்குப் பூச்சிகள் எம்மாத்திரம்? குள்ளமான பெண். ஆ-சோங் அவளுக்காக ஒரு காலி லெமனேட் பெட்டியைக் கவிழ்த்துப் போடுவார். அதன்மேல் ஏறி நின்றாளென்றால் கடையில் பேச்சு நின்றுவிடும்.

ஆட்டம் முடிந்ததும் மெஷின் மூன்று எழுத்தில் பெயர் கேட்கும். பட்டியலில் ஐந்து இடம். நான்கில் சுந்தரியின் முதல் மூன்று எழுத்து. ஐந்தாவது இடத்தில் ‘ஏ ஏ ஏ’ என்று இருக்கும். அது ஆ-சோங். எழுத்தை மாற்றுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. என் பெயர் அந்தப் பட்டியலில் ஒரு நாளும் வந்ததில்லை. கடை சாத்தும்போது மெஷினை அணைப்பார்கள், பட்டியல் அழிந்துபோகும். மறுநாள் சாயந்தரம் அவள் வேனிலிருந்து இறங்கி, பையை அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவாள்.

“அலுக்காதா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“மிஸ்யே, ஃபாக்டரியில நூல் அறுந்தா யார் தப்புன்னு ரெண்டு பேர் பேசுவாங்க. சூப்பர்வைசர் பேசுவார், மெக்கானிக் பேசுவார், எல்லாம் பேசி முடிச்சு என்னைப் பார்ப்பாங்க. இங்கே நான் செத்தா, நான்தான் செத்தேன்.” அதைத் தமிழில் ஆரம்பித்துக் கிரியோலில் முடித்தாள். பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். எழுதும்போது நான்தான் தமிழாக்கிக்கொள்கிறேன்.

தமிழாக்கிக்கொள்கிற அந்தப் பழக்கம்தான் இந்த அத்தியாயத்தின் குற்றவாளி.

ஒரு மிகைச் சொல்

வகுப்பில் ‘நேற்று நான்’ என்று தலைப்புக் கொடுத்து ஆறு வரி எழுதச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் ‘நேற்று நான் கோயிலுக்குப் போனேன்’ என்று எழுதினார்கள். போகாதவர்களும் எழுதினார்கள். சுந்தரி ஒருத்திதான் உண்மையை எழுதியிருந்தாள்:

‘நேத்து சாயந்தரம் மெஷினில் எனக்கு மூணு லாவி போச்சு.’

லாவி என்றால் கிரியோலில் வாழ்வு, உயிர். விளையாட்டில் மிச்சமிருக்கும் வாய்ப்புக்கும் அதே சொல். அந்தத் தீவில் யாரிடம் வேண்டுமானாலும் இந்த வரியைக் காட்டுங்கள், “ஐயோ பாவம், இன்னொரு காசு போடு” என்பார்கள்.

நான் பேனாவை எடுத்தேன். பதினேழில் ஒன்று. ‘மெஷின்’ இயந்திரமாயிற்று. ‘லாவி’ உயிராயிற்று, பன்மையோடு. ‘போச்சு’ என்பது கொச்சை. ‘பறிபோயின’ என்று போட்டேன். எழுதிவிட்டு, சற்றுத் தள்ளி வைத்து, அழகு பார்த்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது. ‘எனக்கு.’ யாருக்குப் போயிற்று என்பது இடத்தால் விளங்கும், மிகைச் சொல். அடித்தேன்.

அந்த ஒரு ‘எனக்கு’ இருந்திருந்தால் ஒரு பெண்ணின் வேலைக்கு ஆபத்து வந்திருக்காது. அடித்துத் திருத்தியதை நோட்டின் அடுத்த பக்கத்தில் பெயர்த்தெழுதச் சொன்னதும் நான்தான். அவளும் முத்து முத்தாக எழுதிக்கொண்டு வந்தாள். மாதாமாதம் நோட்டுகளைப் பார்வையிடும் தலைவர் கண்ணில் பட்டது அந்தப் பக்கம்தான்.

கொஞ்சம் பரமபதம்

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். என் மகன் இப்போது ஒரு விளையாட்டு வைத்திருக்கிறான். பிடித்து ஆடுகிற கருவியில் விமான ஓட்டிக்குத் தேவையான அளவு பொத்தான்கள். ஆட்டம் தொடங்குமுன் அது அவன் பெயரைக் கேட்கிறது, பிறந்த நாளைக் கேட்கிறது, முகத்துக்கு எந்த மூக்கு வேண்டும் என்று கேட்கிறது. பிறகு அரை மணி நேரம் ஒரு கதை. அதில் அவன் செத்தால், எங்கே செத்தானோ அதற்கு நாலடி முன்னால் எழுந்து உட்காருகிறான், குளித்து முடித்த மாதிரி. சாவுக்கு அங்கே மரியாதையே இல்லை.

பூச்சி மெஷினுக்குக் கதை கிடையாது. பூச்சிகளுக்கு நம்மேல் என்ன கோபம் என்று யாருக்கும் தெரியாது. வெற்றி என்பதும் கிடையாது. ஒரு படையை முடித்தால் அடுத்த படை, இன்னும் வேகமாக. நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடைசியில் சாவீர்கள். எவ்வளவு தள்ளிப்போடுகிறீர்கள் என்பதுதான் ஆட்டம். இந்தத் தத்துவத்தை விளக்கப் பெரிய பெரிய நூல்கள் உண்டு. சிலவற்றை நான் படித்தும் இருக்கிறேன். எதுவும் எனக்கு அந்த மெஷின் அளவுக்கு உறைக்கவில்லை.

சின்ன வயதில் வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கப் பரமபதம் ஆடுவோம். அங்கேயும் ஏறுகிறோம், பாம்பு கடிக்கிறது, இறங்குகிறோம். ஆனால் அதில் ஒரு சௌகரியம் உண்டு. கடித்தால் தாயக்கட்டையைத் திட்டலாம். பக்கத்தில் இருப்பவன் தும்மினான் எனலாம். பூச்சி மெஷினில் அந்தச் சாக்கு இல்லை. நேற்று வந்த பூச்சியே இன்றும் அதே இடத்தில் அதே வேகத்தில் வருகிறது. மாறுவதற்கு இருப்பது நாம் மட்டும்தான். அதனால்தான் இன்றைக்கு அந்தப் பூச்சிகளைப் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள், தலை நரைத்தவர்கள் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நானும் ஒன்று வாங்கினேன். வயிற்றுப் பக்கத்துப் பூச்சிகள் கொஞ்சம் அகலமாகத் தெரிகின்றன.

சரி, தலைவரிடம் வருவோம்.

மூன்று தீபம்

தலைவர் என் விசாரணைக்காகக் காத்திருக்கவில்லை. டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடிக்க ஓடுகிற பஸ்ஸில் ஏறிப் பழகியவர். அவருடைய கணக்கு தெளிவாக இருந்தது. சுந்தரி தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தொழிற்சாலையில் இயந்திரம் இருக்கிறது. இயந்திரத்தில் மூன்று உயிர் போயிருக்கிறது. பத்திரிகையில் வரவில்லை. ஆகவே மறைக்கிறார்கள். அதிர்ச்சியில் அந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்து, தானே கொன்றதாக எழுதுகிறாள், சாப்பிடவும் செய்கிறாள்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், பெயர் தெரியாத மூன்று ஆன்மாக்களுக்காக மூன்று நெய் தீபம் ஏற்றினார்கள். குருக்கள் என்னிடம் மெல்ல, “இறந்தவா என்ன கோத்திரம்?” என்று கேட்டார். நான் தூணைப் பார்த்தேன். தலைவர் ஒலிபெருக்கியில், “நம் பிள்ளைகள் உழைக்கும் இடத்தில் உயிர் போனால், இந்தச் சபை வாயை மூடிக்கொண்டு இருக்காது,” என்றார். பெண்கள் அழுதார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகைதான்.

சுந்தரி அன்றைக்குக் கோயிலில் இல்லை. எங்கே இருந்தாள் என்று சொல்லத் தேவையில்லை.

சனிக்கிழமை சந்தையில் இறந்தவர்கள் ஐந்து பேர். செமின் கிரனியே ஊருக்குப் போகும் பஸ் புறப்படும்போது ஐந்து. பஸ் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று, அதில் ஒருத்தி கர்ப்பிணி. ஞாயிற்றுக்கிழமை தீ விபத்தும் சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை காலை அந்தத் தொழிற்சாலையில் பாதிப் பெண்கள் மெஷினில் உட்கார மறுத்துவிட்டார்கள். அந்த வாரம் பார்த்தா பிரான்ஸிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வர வேண்டும்!

கடிதம்

திங்கட்கிழமை சாயந்தரம் சுந்தரி என் அறைக்கு வந்தாள். கையில் காகிதம். பிரெஞ்சில் இருந்தது.

“மிஸ்யே, நான் வதந்தி பரப்பினேனாம். புதன்கிழமைக்குள்ள விளக்கம் குடுக்கணும். இல்லாட்டி வேலை போச்சு.” நாற்காலியில் உட்காரவில்லை. “நான் எந்த வதந்தி பரப்பினேன்? நான் யார்கிட்டயும் பேசறதே இல்லையே. வேன்ல ஏறினா தூங்கறேன், இறங்கினா சுடறேன்.”

சொன்னேன். சிவப்பு மை, மிகைச் சொல், விசாரிக்கிறேன் என்ற பொய், தீபம், தூண். எல்லாம்.

விசாரிக்க என்று நான் வாங்கி வந்திருந்த நோட்டை அவள் எடுத்துத் திருத்திய பக்கத்தைப் பார்த்தாள். உதடு அசைய மெதுவாகப் படித்தாள்.

“பறிபோயின,” என்றாள். “இதுக்கு என்ன அர்த்தம், மிஸ்யே?”

“போச்சு என்று அர்த்தம்.”

“அதைத்தானே நான் எழுதினேன்?”

சிவப்புப் பேனாவை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

சுந்தரியின் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊர் வீடுகள் மாதிரி மொட்டை மாடியில் இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ஒரு மாடி வரும் என்பதற்கு அச்சாரம். கீழே இருந்த இரண்டு அறையும் ஸ்வெட்டர் கழுத்துகளால் எழுந்தவை. கல்யாணமாகாத அவளும் கால் நடக்காத அப்பாவும் அதில் இருந்தார்கள். வேறு தொழிற்சாலைக்குப் போகலாமே என்றால், வதந்திக்காரி என்று எழுதி அனுப்பினால் எவன் சேர்ப்பான்?

“தொந்தோன்கிட்ட நீங்க சொல்லுங்க,” என்றாள். தொந்தோன் என்றால் மாமா. தலைவரை ஊரே அப்படித்தான் கூப்பிடும். “யாரும் சாகலைன்னு நான் சொன்னா புத்தி கெட்டுப்போச்சுன்னு நெத்தியில விபூதி பூசறாங்க. காலையில இருந்து மூணு தடவை பூசியாச்சு.”

அன்றைக்கே போய் ஒப்புக்கொண்டேன். பேனா வாங்கப் போன விவரம் உட்பட. தலைவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். வருத்தமாகப் பார்த்தார்.

“மிஸ்யே, அந்தப் பெண்ணைக் காப்பாற்ற நீங்கள் உங்கள் பெயரையே கெடுத்துக்கொள்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் மனிதனுக்கு உயிர் ஒன்று. ஏழு பிறவி என்றால் ஒப்புக்கொள்வேன். ஒரே சாயந்தரத்தில் மூன்று உயிர், அதுவும் சீனர் கடையில் என்றால்?”

வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை பேசினேன். தியாகம் என்று தள்ளுபடி ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலைக்குப் போனேன். ஆள் நிர்வாகம் பார்க்கும் அதிகாரி மிஸ்யே எதுவார். டை கட்டியவர். அவரும் நம்பவில்லை. “மூன்று உயிரா? காட்டுங்கள்,” என்றார். “நாளை மதியம் அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். உங்கள் தலைவரும் வரட்டும். அவர் வாயால் மறுத்தால்தான் பெண்கள் மெஷினில் உட்காருவார்கள். கண்ணால் பார்த்தால் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் இல்லை.”

சாக மறுத்தவள்

புதன்கிழமை மதியம். ஆ-சோங், உப்பு மீன் மேஜையைத் துடைக்கிற அதே துணியால் மெஷின் திரையைத் துடைத்து வைத்திருந்தார். ஒரு பக்கம் தலைவர், நெற்றி நிறைய விபூதியுடன். மறுபக்கம் மிஸ்யே எதுவார், கக்கத்தில் கோப்புடன். நடுவில் நான், இறந்தவர்களின் உறவினன் மாதிரி.

சுந்தரி லெமனேட் பெட்டிமேல் ஏறினாள். காசைப் போட்டாள். குச்சியைப் பிடித்தாள்.

“திரையின் ஓரத்தில் இரண்டு சின்ன விமானம் தெரிகிறதல்லவா? நடுவில் பறப்பதோடு சேர்த்து மூன்று. அவைதான் உயிர்,” என்று விளக்கினேன். “இப்போது ஒன்று போகும், பாருங்கள்.”

பார்த்தார்கள். போகவில்லை.

முதல் படை முடிந்தது. இரண்டாவது படை முடிந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பூச்சிகள் குண்டு மழை பொழிந்தன. அவள் மழைத்துளிகளுக்கு நடுவே நனையாமல் நடப்பது போல் போய்க்கொண்டிருந்தாள்.

“எப்போது சாவார்?” என்று மிஸ்யே எதுவார் மரியாதையாகக் கேட்டார்.

“இதோ.”

“வருகிறது ஒன்று,” என்றார் தலைவர். “இப்போது போய்விடும். இல்லை… தப்பிவிட்டாள்.” அதில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. அடுத்த முறை, “தப்பிவிட்டாள்,” என்றபோது ஏமாற்றம் இல்லை. அதற்கடுத்த முறை, “தப்பிவிட்டாள்!” என்று மேஜையைத் தட்டினார். “இடது பக்கம், மகளே, இடது பக்கம் ஒருத்தன் பதுங்குகிறான்!”

இருபது நிமிடம். மிஸ்யே எதுவார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவள் காதருகே குனிந்தேன். தமிழ் கற்பிக்க வந்தவன், வாழ்நாளில் சொல்லக்கூடாத வார்த்தையைக் கெஞ்சிச் சொன்னேன்.

“சுந்தரி, செத்துப் போ.”

“முடியலை மிஸ்யே.”

“ஏன்?”

“நான் சாகத்தான் பார்க்கிறேன். கை கேக்க மாட்டேங்குது.”

இருபத்தெட்டு நிமிடம். மிஸ்யே எதுவார் தொண்டையைச் செருமினார். “மன்னிக்கவும். எனக்கு வேலை இருக்கிறது. நான் பார்த்தவரை இதில் யாரும் சாகவில்லை. ஆகவே விளக்கம் ஏற்கப்படவில்லை.” திரும்பி வாசலை நோக்கி நடந்தார்.

சுந்தரி அவர் காலடிச் சத்தத்தைக் கேட்டாள். அப்போது திரையில் அவள் புள்ளி எண்ணிக்கை எங்கே நின்றது என்று ஆ-சோங்கின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கடையில் அதுவரை யாரும் பார்க்காத இடம்.

“மிஸ்யே எதுவார்,” என்றாள். அவர் திரும்பினார்.

சுந்தரி குச்சியிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் தப்பு செய்து நிற்பவள் மாதிரி. விமானம் தனியாக நின்றது. ஒரு பூச்சி வளைந்து இறங்கியது.

வெடித்தது.

“அயோ!” என்றார் தலைவர். “அயோ!” என்றார் ஆ-சோங். “அயோ!” என்றார் வாசலில் டை கட்டி நின்றவர். அந்தத் தீவில் தமிழன், சீனன், கிரியோல், துரை எல்லாருக்கும் பொதுவான ஒரே சொல் அது. எந்த வகுப்பும் நடத்தாமல் பரவியது.

“இது ஒண்ணு,” என்றாள் சுந்தரி, திரும்பிப் பார்க்காமல்.

ஓரத்திலிருந்த சின்ன விமானங்களில் ஒன்று குறைந்தது. இன்னொன்று நடுவில் வந்து நின்றது. கைகள் முதுகில்தான் இருந்தன. விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன. இரண்டாவது குண்டு இறங்க நேரமெடுத்தது. “மகளே, வேண்டாம், நகரு,” என்றார் தலைவர், தன்னை மறந்து. அவள் நகரவில்லை.

“அயோ!”

“இது ரெண்டு.”

மிஸ்யே எதுவார் மெஷினருகே வந்திருந்தார். மூன்றாவது விமானம் நடுவில் வந்து நின்றது. ஓரத்தில் இப்போது எதுவும் இல்லை. அவர் அந்த வெற்று இடத்தையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆக, இதுதான் கடைசி உயிர்,” என்றார் மெதுவாக.

“ஆமாம்,” என்றேன்.

“தொழிற்சாலையில் யாரும் சாகவில்லை,” என்றார் தலைவரைப் பார்த்து.

“யாரும் சாகவில்லை,” என்றார் தலைவர். “நானே வந்து பெண்களிடம் சொல்கிறேன்.” கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. “இவள் சாகாமல் இருந்தால் போதும்.”

மிஸ்யே எதுவார் கோப்பைத் திறந்தார். கடிதத்தின் நகலை எடுத்து, குறுக்கே இரண்டு கோடு போட்டு, கீழே தேதி எழுதினார். “மத்மொஸேல் சூந்த்ரீ, நாளைக் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல வேலைக்கு வரலாம்,” என்று ஆரம்பித்தார்.

ஒரு பூச்சி வளைந்து இறங்கத் தொடங்கியது. சுந்தரி முதுகிலிருந்து கைகளைப் பிரித்தாள். குச்சியைப் பிடித்தாள்.

“இது என்னுது,” என்றாள்.

“தொழிற்சாலையின் சார்பில் வருத்தம்…”

“ஷ்ஷ்.”

மிஸ்யே எதுவார் வாயை மூடிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சத்தம் வராமல், ஆ-சோங்கின் மிட்டாய்ப் பெட்டிமேல் உட்கார்ந்தார். தலைவர் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்.